பகல் ஆள்

ஒரு மனிதன் இரவெல்லாம் கிடந்து எழுந்துபோன படுக்கையில் கொஞ்சமாவது சூடு மிச்சமிருக்க வேண்டும். முதல்நாள் காலையில் ஜெபதாஸ் அந்தக் கட்டிலில் கைவைத்தபோது கிணற்றின் உட்சுவரைத் தொட்டதுபோல் இருந்தது. மெத்தையின் நடுவில் ஆள் கிடந்த பள்ளம் தெரிந்தது. தலையணையில் தலை அழுந்திய குழி. போர்வை கால்மாட்டில் சுருண்டிருந்தது, சற்றுமுன்தான் யாரோ உதைத்துத் தள்ளியதுபோல. சூடு மட்டும் இல்லை. கையை எடுத்து முகர்ந்து பார்த்தான். நனைந்த சுண்ணாம்பின் வாடை.

யாரோ வியர்வை அதிகம் உள்ள ஆள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். இரவெல்லாம் உலைக்கு முன்னால் நின்றுவிட்டு வந்த உடம்புக்கு அதற்குமேல் யோசிக்கத் தெம்பில்லை. தன் கைலி ஒன்றை மெத்தைமேல் விரித்துப் படுத்தான். குளிர் கைலியைத் தாண்டி முதுகுக்குள் ஏறியது. அப்படியே தூங்கிப்போனான்.

சாத்தான்குளம் பக்கத்துக் கிராமத்தில் மனைவி ஜூலியை அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டு, ஒரகடம் சாலையில் புதிதாகத் திறந்திருந்த, இரும்பு வார்க்கும் ஒரு பவுண்டரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தான் ஜெபதாஸ். எப்போதும் இரவு ஷிப்ட்தான். குண்டு வெடித்த அந்த மே மாதத்துக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூரில் வெளியூர் ஆளுக்கு யாரும் சுலபத்தில் இடம் கொடுப்பதில்லை. போலீஸ் லாட்ஜ் லாட்ஜாக ஏறிப் பாயைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போன ஊர். அவனுடைய தெற்கத்திப் பேச்சு காதில் விழுந்ததுமே ரூம் இல்லை என்றார்கள். கண்ணாடி பங்களாவில் மட்டும்தான் உள்ளே வரச் சொன்னார்கள்.

அவுரி வியாபாரத்தில் கொழுத்த ஒருவர் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய மாளிகை அது. கோயில் பக்கத்துத் தெருவில், மிக்ஸி ரிப்பேர் கடைக்கும் உரக்கடைக்கும் நடுவே, முகப்பெல்லாம் சுதைக்கிளிகளும் திராட்சைக் கொத்துகளும் மத்தளம் தட்டும் குட்டைப் பிள்ளைகளுமாக, பச்சையும் நீலமும் உதிர்ந்து நின்றது. உள்ளே ரசம் போன ஆளுயரக் கண்ணாடிகள். கூரையில் ரோஜா மாலை ஏந்தி மிதக்கும் பெண்கள். ஒழுகிய மழைநீர் அவர்கள் முகங்களை மட்டும் பார்த்துப் பார்த்து அழித்திருந்தது. ஒருகாலத்தில் கச்சேரி நடந்த மாடிக்கூடத்தைப் பிளைவுட் பலகையால் தடுத்து அறைகளாக்கியிருந்தார்கள். ஜெபதாஸுக்குக் கிடைத்த அறையின் சுவரில் இறக்கை முளைத்த ஒரு சுதைப்பெண்ணின் பாதிதான் இருந்தது. மீதிப் பாதி பலகைக்கு அந்தப் பக்கம்.

மேனேஜர் பாண்டுரங்கன் அவனை மேலே கூட்டிப்போய்க் காட்டினார். நெற்றியில் அகலமான திருமண், காதில் பீடி.

"முழு ரூம் இல்லபா. பாதிக் கட்டில்தான் கீது. ராத்திரி ஒர்த்தர் படுப்பாரு. காலைல நீ வர்றதுக்குள்ள எழுந்து பூடுவாரு. பகல்ல நீ படுத்துக்க. பொழுது சாயறதுக்குள்ள காலி பண்ணிடணும். அது ஒண்ணுதான் கண்டிசன்."

"ஞாயித்துக்கிழம ராத்திரி எனக்கு வேலை இல்லண்ணே."

"எங்கனா போய்ப் படு. ராத்திரில இங்க கூடாது."

ஷிப்ட் ஆட்கள் ஒரே கட்டிலை இரவும் பகலுமாகப் பங்குபோட்டுக்கொள்வது அந்தப் பக்கத்தில் புதிதல்ல. படப்பையில் தாவீது இருந்தான், ஊர்க்காரன், ஒரே சபை. ஞாயிற்றுக்கிழமைக்கு அவன் வீட்டு வராந்தா போதும். ஜெபதாஸ் சம்மதித்தான்.

கூரையை ஒட்டி அரைவட்டமாக ஒரு கண்ணாடிச் சன்னல் இருந்தது. காலையில் சிவப்புச் சில்லு வழியாக வரும் வெயில் கட்டிலின் தலைமாட்டில் விழும். மதியம் பச்சையாகி இடுப்புக்கு இறங்கும். சாயங்காலம் மஞ்சளாகிக் கால்மாட்டில் நிற்கும். மஞ்சள் வந்ததும் எழுந்து, முகம் கழுவி, சாவியை வாசல் ஆணியில் மாட்டிவிட்டுக் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுவான். காலையில் வரும்போது சாவி அதே ஆணியில் தொங்கும். உள்ளே, புதிதாக அழுந்திய பள்ளம்.

அந்த இரவு ஆளை அவன் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அறையில் அந்த ஆளுடைய பொருள் என்று எதுவும் இல்லை. செருப்பில்லை, சீப்பில்லை, கொடியில் ஒரு துண்டுகூட இல்லை. சோப்பு நனைந்திருந்ததே இல்லை. குடத்துத் தண்ணீர் குறைந்ததே இல்லை. ஒரு ஆள் பல் விளக்காமல், முகம் துடைக்காமல், தண்ணீர் குடிக்காமல் தினமும் வந்து படுத்துவிட்டு எழுந்துபோவானா என்று ஜெபதாஸ் அரைத்தூக்கத்தில் நினைப்பான். அதற்குள் தூக்கம் வந்து அமுக்கிவிடும். கனவே இல்லாத தூக்கம். மஞ்சள் வெளிச்சத்தில் கண்விழிக்கும்போது படுத்தபோது இருந்ததைவிடக் களைத்திருப்பான்.

மழைக்காலம் தொடங்கியபோது ஒன்றைக் கவனித்தான். படுக்கையின் குளிர் குறைந்துகொண்டு வந்தது. இப்போது கைவைத்தால் சில்லென்று இல்லை. உள்ளே எங்கோ ஆழத்தில் லேசான வெதுவெதுப்புகூட இருந்தது, செத்துக்கொண்டிருக்கும் கோழியின் வயிற்றில் இருப்பதைப்போல. அவனுக்குத்தான் இப்போது எந்நேரமும் குளிரியது.

ஓர் இரவு உலையிலிருந்து இரும்புக் குழம்பைச் சாய்க்கும்போது ஒரு பொறி தெறித்து அவன் முன்கையில் ஒட்டிக்கொண்டது. அவனுக்குத் தெரியவில்லை. ரோமம் பொசுங்கும் வாடை வந்தபிறகு சூப்பர்வைசர் நடேசன்தான் பார்த்துப் பாய்ந்துவந்து கையுறையால் தட்டிவிட்டார்.

"டேய், இன்னாடா நின்னுக்கினு கீறே! கைய காமி!"

கொப்புளம் இல்லை. சிவக்கக்கூட இல்லை. சுவரில் ஆணி பெயர்ந்த இடம்போல வெள்ளையாக ஒரு சிறு குழி. நடேசன் கையுறையைக் கழற்றிவிட்டு அவன் மணிக்கட்டைப் பிடித்தார். உடனே விட்டுவிட்டார்.

"உலையண்ட நிக்கிறவன் ஒடம்பாடா இது? ஐஸ்கட்டி மாதிரி கீது. போய் டாக்டர பாரு."

மறுநாள் காலை ஜெபதாஸ் விரிப்பை உதறும்போது தலையணையில் முடிகள் ஒட்டியிருந்தன. குட்டையான, சற்றுச் சுருண்ட முடி. ஜூலியின் அம்மா காய்ச்சிக் கொடுத்துவிட்ட கறிவேப்பிலை எண்ணெயின் மணம் அதில் வந்தது. அந்த எண்ணெய்ப் பாட்டிலை அவன் தகரப்பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தான். தன் முடிதான் என்று சொல்லிக்கொண்டு படுத்தான். படுத்த பிறகுதான் மற்றது உறைத்தது. ஜெபதாஸ் சின்ன வயதிலிருந்தே ஒருக்களித்து, ஒரு முழங்காலை மடக்கி, மணிக்கட்டைக் கன்னத்துக்கு அடியில் திருகி வைத்துக்கொண்டு தூங்குபவன். ஜூலி அதைச் சொல்லிக் கேலி செய்வாள். மெத்தையின் பள்ளத்தில் மடங்கிய முழங்காலுக்கு இடம் இருந்தது. முழங்கைக்கு இடம் இருந்தது. தலையணைக் குழிக்குள் மணிக்கட்டுக்குச் சின்னதாக ஒரு பள்ளம் இருந்தது. அச்சில் வார்த்த இரும்பு அச்சுக்குள் திரும்பப் போவதுபோல அவன் உடம்பு அதற்குள் போய்ப் பொருந்தியது.

எழுந்து கீழே போனான். முற்றத்தில் பாண்டுரங்கன் சுதைக்கிளிகளுக்குத் தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

"ராத்திரி படுக்கிறவரு யாருண்ணே?"

"உனுக்கு இன்னாத்துக்கு அது?"

"எங்கன வேலை பாக்காரு?"

"வேலையா?" பாண்டுரங்கன் சிரிக்கவில்லை. "பழைய ஆளுபா. நான் வர சொல்லோவே இருந்தாரு."

"எனக்கு இங்க வேண்டாம்ணே. வேற எடம் பாத்துக்கிடுதேன்."

பாண்டுரங்கன் துணியை நிறுத்தினார். முதல்முறையாக அவனை முழுதாக ஏறிட்டுப் பார்த்தார். சந்தையில் ஆட்டைப் பார்ப்பவர்கள் விலாவைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை.

"போறதுன்னா போ. உன் கால்ல யாரும் கயிறு கட்டல. ஆனா அவருக்கு நீ நல்லா பழகிட்டியே."

அன்று சாயங்காலம் பஸ் நிற்கும் இடம்வரை போனபிறகுதான் கம்பெனி அட்டையைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. அது இல்லாமல் கேட்டுக்குள் விடமாட்டார்கள். திரும்பி ஓடினான். வெளிச்சம் இன்னும் முற்றாகப் போகவில்லை. கோயில் வாசலில் பூக்காரிகள் விளக்கேற்றிக்கொண்டிருந்தார்கள். மாடிக்கு வந்தான். சாவி ஆணியில் தொங்கியது. பூட்டும் பூட்டியபடி இருந்தது.

சாவியை எடுக்கக் கையை நீட்டினான்.

உள்ளே கட்டில் முனகியது. கனமான ஒன்று புரண்டு படுத்தது. பிறகு ஒரு இருமல். பவுண்டரிக் கரி நெஞ்சில் கட்டி வரும் வறண்ட இருமல். அவனுடைய இருமல்.

கை அப்படியே நின்றது.

உள்ளே இருந்தது முனகிப் பாட ஆரம்பித்தது. வேதக்கோயிலில் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவன் கற்ற ஒரு கீர்த்தனையின் மெட்டு. நடுவில் ஓரிடத்தில் அவன் எப்போதும் சுருதி தப்பி இறங்குவான். அது அந்த இடத்துக்கு வந்தது. தப்பி இறங்கியது. நிறுத்தியது. திரும்ப அதே வரியை எடுத்துச் சரியாக இறங்கும்வரை மறுபடி மறுபடி பாடியது.

ஜெபதாஸ் படியில் ஓடினான். பஸ் போய்விட்டிருந்தது. லாரி ஒன்றைக் கைகாட்டி நிறுத்திப் படப்பைக்குப் போனான். அவன் சொன்னதைத் தாவீது முழுக்கக் கேட்டுக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வீட்டுக்காரரிடம் பேசிப் பின்கட்டு அறையை வாங்கித் தருவதாகச் சொன்னான். "அதுவரைக்கும் பல்லைக் கடிச்சிட்டு இருலே. பகல்லதான தூங்குத? பகல்ல என்ன வந்துரப்போவுது?" ஜெபதாஸுக்கும் அது சரியென்று பட்டது. மறுநாள் விடிந்தபின் போய் அட்டையை எடுத்துக்கொண்டான். ஞாயிறு பக்கத்தில்தான் இருந்தது. பகல் அவனுடையது. வெளிச்சம் இருக்கும்வரை அந்தக் கட்டில் அவனுடையது.

சனிக்கிழமை காலையில் இரவு ஷிப்ட் முடிந்து வந்தபோது ஆணியில் சாவி இல்லை.

கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளிருந்து பிச்சிப்பூ வாசனை வந்தது. அவன் கதவைத் தள்ளினான். கட்டிலில், சிவப்பு வெளிச்சத்தில், ஈரத்தலையை விரித்துக் காயவைத்தபடி ஜூலி உட்கார்ந்திருந்தாள்.

"டீ வாங்கிட்டு வாரேன்னு போனவிய வெறுங்கையோட வந்து நிக்கிய?" என்றாள். பிறகு எழுந்து அருகே வந்தாள். "இதென்ன அத்தான், மேலெல்லாம் கரி? சட்டைய எப்ப மாத்துனிய?"

அவன் வாசலில் நின்றபடியே கேட்டான்.

"எப்ப வந்த?"

"சரியாப்போச்சு. தூக்கம் தெளியலையா இன்னும்? வெளக்கு வைக்கிற நேரம் வந்தேன். தம்பி தின்னவேலியில பஸ் ஏத்திவிட்டான். சிங்கப்பெருமாள் கோயில்ல எறங்கி, இன்னொரு பஸ் புடிச்சு, கேட்டுக் கேட்டு வந்து சேந்தேன். கீழ இருக்காரே நாமம் போட்ட அண்ணன், அவருதான் பெட்டியத் தூக்கிட்டு வந்து விட்டாரு. கதவத் தொறந்ததே நீங்கதான?"

சுதைப்பெண்ணின் பாதி முகத்துக்குக் கீழே கொடியில் இரண்டு துண்டுகள் காய்ந்தன. குடத்தில் தண்ணீர் குறைந்திருந்தது.

"என்னைக் கண்டதும் எப்படிப் பதறிட்டிய," என்றாள் ஜூலி. அவள் முகத்தில் அவன் இதுவரை கண்டிராத ஒரு வெளிச்சம் இருந்தது. "கல்யாணமாகி ஆறு வருசத்துல நீங்க எங்கிட்ட இப்படிப் பேசுனதே இல்ல. நாலு வார்த்தைக்குமேல என்னைக்குப் பேசிருக்கிய? நேத்து விடிய விடியப் பேசுனிய. நான் சின்னப் பிள்ளையில என்ன செஞ்சேன், அம்மா என்ன சொல்லுவா, எதுக்கெல்லாம் அழுவேன், எல்லாத்தையும் ஒண்ணொண்ணாக் கேட்டுக் கேட்டு..." வெட்கத்துடன் நிறுத்தினாள். "ராத்திரியெல்லாம் வெளக்கத்தான் போடவே விடல."

ஜெபதாஸ் சுவரைப் பிடித்துக்கொண்டான். அவள் கழுத்தில், காதுக்குக் கீழே, வெள்ளையாகப் பொடி அப்பியிருந்தது. தேங்காய்ப்பூவைப்போல. குளித்தும் போகாத சுண்ணாம்பு.

"ஜூலி, பெட்டிய எடு. போவோம்."

"எங்க?"

"தாவீது வீட்டுக்கு. இப்பவே."

"என்னத்தான் இது? இங்கனயே இருந்துருவோம்னு நேத்து நீங்கதான சொன்னிய? சொன்னதும் எம்புட்டு அழுதிய. வயித்துல வச்ச கைய எடுக்கவே இல்லியே."

"எதச் சொன்னதும்?"

அவள் சிரித்தாள். "திரும்ப என் வாயாலயே கேக்கணுமாக்கும்?" அவன் கையை எடுத்துத் தன் அடிவயிற்றில் வைத்தாள். "மூணு மாசம். கோயில் அசன விருந்துக்கு ஊருக்கு வந்தியள்லா, அப்ப உள்ளது. டாக்டரம்மா நல்லாப் பாத்துட்டா."

ஆறு வருடங்கள். எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை பொருத்தனை. அதற்குள் ஜூலி நடுங்கி அவன் கையை வயிற்றிலிருந்து எடுத்து அப்புறம் தள்ளினாள்.

"யம்மா! கை என்ன இப்படிச் சில்லிட்டுக் கெடக்கு? ராத்திரி எப்படி அனலா இருந்துச்சு."

என்னவென்று சொல்வான்? வயிற்றுப்பிள்ளைக்காரியிடம், நேற்று உன்னோடு இருந்தது நானில்லை என்றா? அவளை இந்த இடத்திலிருந்து கொண்டுபோய்விட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பெட்டியை எடுக்கக் குனிந்த ஜூலி வாயைப் பொத்திக்கொண்டு ஓடிப்போய் வாந்தியெடுத்தாள். திரும்பிவந்து கட்டிலில் சாய்ந்தாள். முந்தின பகலெல்லாம் பஸ்ஸில் வந்து, இரவெல்லாம் கண்மூடாதவள். முகம் வெளிறியிருந்தது.

"ஒரு பொட்டுத் தூங்கிட்டு வாரேன் அத்தான். பஸ்ஸுல ஏறுனா செத்தே போவேன்."

சிவப்பு வெளிச்சம் தலைமாட்டில் இருந்தது. பச்சை வருவதற்குள் எழுப்பிவிடலாம் என்று நினைத்தான். அது தன் நேரம் என்று நினைத்தான். கதவைத் தாழிட்டு, தரையில் உட்கார்ந்து, அவள் பாதத்தைக் கைக்குள் பிடித்துக்கொண்டான். அவள் காலை உருவிக்கொண்டாள், குளிர் தாங்காமல். கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"மேல வாங்க. தரையில கெடக்காதிய."

அவன் மெத்தையில் கைவைத்தான்.

சுட்டது. அடுப்பிலிருந்து இறக்கிய பானையைப்போல, பால்குடிக்கும் பிள்ளையின் உடம்பைப்போல, வாழ்நாளில் அவன் எதிலும் அறியாத சூடு. மாதக்கணக்காக எலும்புக்குள் உறைந்து கிடந்த குளிர் அந்தச் சூட்டைக் கண்டதும் நாயைப்போல வாலாட்டியது. கொஞ்ச நேரம் உட்கார மட்டும்தான் நினைத்தான். இரவெல்லாம் நின்ற கால்கள். பிச்சிப்பூ மணம். ஜூலியின் மூச்சு. ஒருக்களித்தான். முழங்கால் தானாக மடங்கியது. பள்ளம் அவனை வாங்கிக்கொண்டது.

கண்விழித்தபோது கன்னத்துக்குக் கீழே சிமெண்ட் இருந்தது.

நடைக்கூடத்தில் கிடந்தான். அறைக்கு வெளியே. முதுகுக்குக் கீழே தரை ஈரம். தலைமாட்டில் அவனுடைய தகரப்பெட்டி. அதன்மேல் அவன் செருப்பு, ஜோடியாக, ஒழுங்காக. நடைக்கோடியில் வெளிச்சம் மஞ்சளைக் கடந்து பழுப்பாகிக்கொண்டிருந்தது.

எழுந்தான். கதவைத் தள்ளினான். உள்ளே தாழ்.

"ஜூலி!"

குரல் வரவில்லை. பல்லியின் சத்தம்போல ஒன்று வந்தது. கதவைத் தட்டினான். தட்டிய விரல்மூட்டில் வலி இல்லை. வெள்ளையாகப் பொடி உதிர்ந்தது.

"ஜூலி! கதவத் தொற! ஏட்டி!"

படியில் காலடி. பாண்டுரங்கன் தூபக்காலோடு வந்தார். சாம்பிராணிப் புகைக்கு நடுவே நின்று அவனைப் பார்த்தார். ஜெபதாஸ் அவர் காலைப் பிடித்தான். அவர் வேட்டியை விடுவித்துக்கொண்டார்.

"சத்தம் போடாதபா," என்றார், ஆஸ்பத்திரியில் பேசுவதுபோல. "உள்ள குடும்பம் கீது."

கதவுக்கு முன் ஒருமுறை தூபத்தைச் சுற்றிக் காட்டிவிட்டு அவர் அடுத்த வாசலுக்குப் போனார்.

கதவின் மேல்பாதியில் பூவேலை செய்த கண்ணாடி பதித்திருந்தார்கள். ஒரு மூலையில் சில்லு பெயர்ந்து, கண் வைக்கும் அளவுக்கு இடைவெளி. ஜெபதாஸ் பெட்டிமேல் ஏறிக் கண்ணை வைத்தான்.

ஜூலி கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் அவன். ஜெபதாஸ். கல்யாணச் சட்டை போட்டிருந்தான். எண்ணெய் தடவி வாரிய சுருட்டை முடி. நிறைந்த தோள். ரத்தம் ஓடும் கறுப்பான, பளபளப்பான கன்னம். அவன் சோற்றைப் பிசைந்து அவளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தான். ஜெபதாஸ் அவளுக்கு ஒருநாளும் ஊட்டியதில்லை.

"யாரோ கதவத் தட்டுதாவ அத்தான்," என்றாள் ஜூலி.

"அது பகல் ஆளு," என்றது அவன் குரல். "போயிருவான்."

"பாவம், எதுக்கோ கூப்பிடுதான் போல."

ஜூலி எழுந்தாள். கதவை நோக்கி வந்தாள். ஜெபதாஸ் கத்தினான், கண்ணாடியை அறைந்தான், பொடி உதிர்ந்தது. அவள் நெருங்கி வந்தாள். சில்லு பெயர்ந்த இடத்தில் அவள் கண் வந்து நின்றது. அவன் கண்ணுக்கு நேராக. இமையின் மயிர் தெரிந்தது. கருவிழி அங்கும் இங்கும் அசைந்து, அவனைத் தாண்டி, நடைக்கூடத்தின் இருட்டைத் துழாவியது.

"இங்கன ஒருத்தரையும் காணோமே," என்றாள்.

அவள் தலையைச் சற்று விலக்கியதும் பின்னால் கட்டில் தெரிந்தது. அவள் திரும்பிப் பார்க்காத அந்தக் கொஞ்ச நேரத்துக்கு, அங்கே உட்கார்ந்திருந்தது தன் முகத்தை விட்டுவிட்டது. நாள் முழுக்கச் சுமந்த மூட்டையை இறக்குவதுபோல. நெற்றி தளர்ந்து கண்கள்மேல் இறங்கியது. கன்னம் ஈரச் சுண்ணாம்பாகத் தாடையை விட்டு வழிந்து தொங்கியது. வாய் காதுவரை, காதுக்கும் அப்பால், மெல்லத் திறந்துகொண்டே போனது. உள்ளே பல்லில்லை. நாக்கில்லை. ஜெபதாஸ் பார்ப்பது அதற்குத் தெரிந்தது. மறைக்கவில்லை. அவனுக்காக அந்த முகத்தைத் தூக்கிப் பிடிக்கும் சிரமம் அதற்குத் தேவைப்படவில்லை.

ஜூலி திரும்பினாள். எல்லாம் அதனதன் இடத்துக்கு ஏறியது.

"வா ஜூலி," என்றான் அவள் கணவன்.

அவள் போய் அவன் பக்கத்தில் சாய்ந்தாள். அவன் குனிந்து அவள் வயிற்றில் காதை வைத்துக்கொண்டான். அவள் அவன் முடிக்குள் விரலை விட்டுக் கோதியபடி கூரையின் முகமழிந்த பெண்களைப் பார்த்துச் சிரித்தாள். அவள் பார்க்காத பக்கத்தில், கதவைப் பார்த்திருந்த பாதி முகம், மறுபடி மெல்லத் தளர்ந்து, வாயைத் திறந்து, அவள் வயிற்றின் மேல் படர்ந்தது.